ஊர்ந்து போகும் செல் எவ்வளவு இழுக்கிறது? முதல்முறை அளப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

செல்லின் பிடியை அறுக்கும் டிரிப்சின் என்ற நொதியை விட்டுப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். இருட்டு அறை. திரை முழுக்கச் சிவப்புப் புள்ளிகள், செல்லுக்கு அடியில் உள்ள ஜெல்லில் பதித்த ஒளிரும் நுண்மணிகள். அதுவரை ஆடாமல் அசையாமல் இருந்த புள்ளிகளில் ஒரு பகுதி மட்டும் மெல்ல நகரத் தொடங்குகிறது. செல் உட்கார்ந்திருந்த இடத்தின் ஓரங்களில் இருந்த மணிகள் வெளிப்பக்கமாக, அரை மைக்ரோமீட்டர், சில இடங்களில் ஒரு மைக்ரோமீட்டர் தள்ளிப்போய் நிற்கின்றன. செல் தன் பிடியை விட்டுவிட்டது. அது இத்தனை நேரமும் உள்நோக்கி இழுத்து வைத்திருந்த ஜெல் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது. இதை முதல்முறை கண்ணால் பார்க்கும்போது உண்டாகும் வியப்பு எனக்கு இன்னும் குறையவில்லை.

இந்த அளவீட்டில் இறங்குகிறவர்கள் முதலில் மனதில் பதிக்க வேண்டியது ஒன்று உண்டு. விசையை நாம் பார்ப்பதே இல்லை. பார்ப்பது மணிகளின் இடப்பெயர்ச்சியை மட்டும்தான். அந்த இடப்பெயர்ச்சியிலிருந்து விசைக்குப் போகும் பாலம் ஜெல். ஜெல்லின் கடினத்தன்மை சரியாகத் தெரியாவிட்டாலோ, செல் இல்லாத நிலையின் படம் சரியாக இல்லாவிட்டாலோ, கடைசியில் வரும் வண்ண வரைபடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதில் உண்மை இருக்காது. அதனால் இந்தக் கட்டுரையில் கணினிப் பகுதியைவிட ஜெல்லுக்கும் அந்த இரண்டாவது படத்துக்கும் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

இது எப்படித் தொடங்கியது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1980-ல் ஆல்பர்ட் ஹாரிஸும் அவருடன் பணியாற்றிய இருவரும் சிலிகோன் திரவத்தின் மேற்பரப்பைத் தீயில் ஒரு கணம் காட்டி, மேலே மெல்லிய தோல் படியச் செய்தார்கள். காய்ச்சிய பாலில் ஆடை படிகிற மாதிரி. அதன்மேல் செல்களை விட்டபோது தோல் சுருக்கம் சுருக்கமாக மடிந்தது. பாலாடையை இரண்டு விரலால் நெருக்கிப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி புரியும். செல் இழுக்கிறது என்பது தெரிந்துவிட்டது. எவ்வளவு என்பதைச் சுருக்கங்களிலிருந்து துல்லியமாகக் கணக்கிட முடியவில்லை. 1997-ல் ராபர்ட் பெல்ஹாமும் யூ-லி வாங்கும் செல் வளர்க்கப் பாலிஅக்ரிலமைடு ஜெல்லைப் பயன்படுத்தினார்கள். 1999-ல் மைக்கா டெம்போவும் வாங்கும் அந்த ஜெல்லில் ஒளிரும் மணிகளைப் பதித்து, நகரும் ஃபைப்ரோபிளாஸ்ட் (இணைப்புத் திசு) செல்லின் முன்விளிம்பில்தான் இழுப்பு பலமாக இருக்கிறது என்று எண்களோடு காட்டினார்கள். இன்று நாம் செய்வதும் அடிப்படையில் அதே முறைதான்.

பாலிஅக்ரிலமைடு ஏன்? அது சுருங்காது, மடியாது, இழுத்து விட்டால் ஏறக்குறைய முழுதாகப் பழைய இடத்துக்கு வரும். கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும். வேதிப்பொருள் விகிதத்தை மாற்றினால் கடினத்தன்மையும் மாறும். செல் தானாக அதில் ஒட்டாது. நாம் பூசும் புரதத்தில் மட்டுமே ஒட்டும். முதல் சோதனைக்கு நான் பரிந்துரைப்பது என்ஐஹெச் 3டி3 எனப்படும் எலி ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள், 4 முதல் 5 கிலோபாஸ்கல் கடினமுள்ள ஜெல், கொலாஜன் பூச்சு. 1 கிலோபாஸ்கலுக்குக் கீழே போனால் இந்தச் செல்கள் சரியாகப் பரவாமல் உருண்டையாக நிற்கும். 40 கிலோபாஸ்கல் வைத்தால் நன்றாகப் பரவும், ஆனால் அதே இழுப்புக்கு மணிகளின் நகர்வு பத்தில் ஒரு பங்காகி, படத்தின் இரைச்சலில் காணாமல் போய்விடும்.

முதல் படி: கண்ணாடியைத் தயார் செய்தல்

35 மில்லிமீட்டர் டிஷ், அடியில் 14 மில்லிமீட்டர் கண்ணாடிச் சாளரம் உள்ளது, எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கண்ணாடியோடு ஜெல் வேதிப்பிணைப்பால் ஒட்ட வேண்டும். இல்லையென்றால் மறுநாள் ஊடகத்தில் (செல் வளர்ப்புத் திரவத்தில்) ஜெல் மிதந்துகொண்டிருக்கும்.

கண்ணாடியில் 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு சில நிமிடம் விட்டு, கழுவி, காயவைக்கவும். அப்புறம் அமினோசைலேன் 5 நிமிடம். பிறகு கழுவுவதுதான் முக்கியம். தண்ணீரில் மூன்று முறை, நிதானமாக. அடுத்து விடப்போகும் 0.5 சதவீத குளுட்டரால்டிஹைடு, மிச்சம் இருக்கும் சைலேனோடு சேர்ந்தால் கண்ணாடியில் ஆரஞ்சுப் பழுப்பாகத் திப்பித்திப்பியாகப் படியும். அப்படிப் படிந்த டிஷ்ஷை வைத்துப் போராட வேண்டாம், ஒதுக்கிவிடுங்கள். குளுட்டரால்டிஹைடு அரை மணி நேரம், மறுபடி கழுவல், முழுதாக உலர்த்தல். சைலேன், குளுட்டரால்டிஹைடு இரண்டையும் புகைபோக்கிப் பெட்டிக்குள் மட்டுமே திறக்கவும்.

இரண்டாம் படி: மணிகளை எங்கே வைப்பது

பலர் ஒளிரும் மணிகளை ஜெல் கரைசலிலேயே கலந்துவிடுகிறார்கள். இது சுலபம்தான், ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 0.2 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள மணிகள், 2 சதவீதச் செறிவு. ஒரு மில்லிலிட்டர் ஜெல்லுக்கு 20 மைக்ரோலிட்டர் கலந்தால், ஒரு மைக்ரோமீட்டர் தடிப்புள்ள அடுக்கில், பக்கத்துக்கு 10 மைக்ரோமீட்டர் உள்ள சதுரத்துக்குள் சுமார் 9 மணிகள்தான் கிடைக்கும். கணினி பிறகு பக்கத்துக்கு 3 மைக்ரோமீட்டர் உள்ள சிறு சாளரங்களாகப் படத்தைப் பிரித்துப் பார்க்கும்போது சாளரத்துக்கு ஒரு மணி கூடத் தேறாது.

டிஷ்ஷைக் கவிழ்த்து வைத்தால் மணிகள் மேற்பரப்புக்கு இறங்கிவிடும் என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். இந்த அளவு மணிக்கு அது பலிக்காது. தண்ணீரில் அது விழும் வேகம் வினாடிக்கு சுமார் 1 நானோமீட்டர். ஜெல் இறுக ஆகும் அரை மணி நேரத்தில் 2 மைக்ரோமீட்டர்தான் இறங்கும்.

எனவே ஜெல்லை மேலே மூடும் மெல்லிய கண்ணாடியான கவர்ஸ்லிப்பில் மணிகளை முதலிலேயே ஒட்டிவைத்து, ஜெல் இறுகும்போது அதன் மேற்பரப்புக்கு மாறும்படி செய்வது நல்லது. 12 மில்லிமீட்டர் வட்டக் கவர்ஸ்லிப்பில், மணிகளைப் பிடித்துக்கொள்ளும் பாலிலைசின் கரைசலை இருபது நிமிடம் விட்டுக் கழுவுங்கள். மணிக் கரைசலை ஒலிக்குளியலில் (ஒலி அதிர்வு தரும் நீர்த்தொட்டியில்) பத்து நிமிடம் வைத்துக் கட்டிகளைப் பிரியுங்கள். தண்ணீரில் சில நூறு மடங்கு நீர்த்து, கவர்ஸ்லிப்பில் விட்டு, பத்து இருபது நிமிடம் கழித்துக் கழுவி, இருட்டில் காயவையுங்கள். மூன்று வெவ்வேறு நீர்ப்புகளில் செய்து நுண்ணோக்கியில் பார்த்து, ஒரு சதுர மைக்ரோமீட்டருக்கு ஒரு மணி வரும் நீர்ப்பைத் தேர்ந்தெடுங்கள். அப்போது சாளரத்துக்குச் சுமார் ஒன்பது மணி கிடைக்கும். ஒரு தடவை இந்தச் சிரமம் எடுத்தால் அப்புறம் மாதக்கணக்கில் நிம்மதி.

மணியின் நிறம் சிவப்பாகவோ அதைவிட நீண்ட அலைநீளத்திலோ இருக்கட்டும். நீல ஒளியை மணிக்கணக்கில் அடித்தால் செல் நோயுறும். கடைசியில் சொல்லப்போகும் மருந்துச் சோதனைக்கும் நீல ஒளி ஆகாது.

மூன்றாம் படி: ஜெல் வார்த்தல்

ஒரு மில்லிலிட்டர் கரைசலுக்கு: 40 சதவீத அக்ரிலமைடு 125 மைக்ரோலிட்டர், 2 சதவீத பிஸ்-அக்ரிலமைடு 75, பஃபர் (அமிலத்தன்மை மாறாமல் காக்கும் உப்புக் கரைசல்) 789. இறுதிச் செறிவு அக்ரிலமைடு 5 சதவீதம், பிஸ் 0.15 சதவீதம். கடினத்தன்மை 4.5 கிலோபாஸ்கலுக்கு அருகே வரும். கடைசியில், ஜெல்லை இறுகச் செய்யும் இரண்டு பொருள்கள்: 10 சதவீத அம்மோனியம் பெர்சல்பேட் 10 மைக்ரோலிட்டர், டெமெட் 1 மைக்ரோலிட்டர்.

இறுகாத அக்ரிலமைடு நரம்பு நஞ்சு. தோல் வழியாகவும் உள்ளே போகும். கையுறை இல்லாமல் பாட்டிலைத் தொடவே வேண்டாம், மேசையில் சிந்தினால் உடனே துடையுங்கள்.

டெமெட் சேர்ப்பதற்கு முன் கரைசலை வெற்றிடத்தில் 15 நிமிடம் வைத்துக் காற்றை எடுங்கள். ஆக்சிஜன் இருந்தால் ஜெல் அரைகுறையாக இறுகும். பெர்சல்பேட் கரைசலை அன்றன்று புதிதாகக் கரைப்பது நல்ல பழக்கம். பழசை வைத்துச் செய்த ஜெல்லும் இறுகத்தான் செய்யும், ஆனால் போன வாரக் கடினத்தன்மையும் இந்த வாரக் கடினத்தன்மையும் ஒன்றாக இருக்காது.

டெமெட் விட்டு மெதுவாகக் கலக்கியதும் கண்ணாடியின் நடுவில் 10 மைக்ரோலிட்டர் துளி. மணி பூசிய பக்கம் கீழே வரும்படி கவர்ஸ்லிப்பை ஒரு ஓரம் முதலில் தொடும்படி சாய்த்து விடுங்கள். துளி தானாக விளிம்பு வரை பரவும். 12 மில்லிமீட்டர் வட்டத்துக்கு 10 மைக்ரோலிட்டர் என்றால் தடிப்பு சுமார் 88 மைக்ரோமீட்டர், ஊறியபின் இன்னும் கொஞ்சம் கூடும். இந்தத் தடிப்பு வேண்டும். ஜெல் மிக மெல்லிதாக இருந்தால் செல் அடியில் உள்ள கண்ணாடியையும் உணரத் தொடங்கும், நம் கணக்கும் பிசகும்.

மிச்சக் கரைசலைக் குழாயிலேயே வையுங்கள். அதைச் சாய்த்துப் பார்த்தால் டிஷ்ஷுக்குள் என்ன நடக்கிறது என்று தெரியும். அரை மணி நேரத்தில் குழாயில் இருப்பது நுங்கு மாதிரி ஆடும், வழியாது. டிஷ்ஷில் பஃபரை ஊற்றி பத்து நிமிடம் ஊறவிட்டு, வளைந்த ஊசி முனையாலோ பிளேடு முனையாலோ கவர்ஸ்லிப்பின் ஓரத்தை நெம்புங்கள். நேராகத் தூக்கினால் ஜெல் கிழியும். ஒரு பக்கமிருந்து மெல்ல, ஈர அப்பளத்தைத் துணியிலிருந்து உரிப்பது போல.

நான்காம் படி: கடினத்தன்மையை நீங்களே அளந்துபாருங்கள்

செய்முறைக் குறிப்பில் 4.5 கிலோபாஸ்கல் என்று இருக்கிறது, அதையே எழுதிவிடலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள். கணக்கில் வரும் விசை இந்த எண்ணுக்கு நேர் விகிதத்தில் இருக்கிறது. இதில் 30 சதவீதம் தவறினால் உங்கள் ஆய்வின் ஒவ்வொரு விசையும் 30 சதவீதம் தவறு.

அணுவிசை நுண்ணோக்கி இருந்தால் நல்லது. இல்லாதவர்களுக்கு எஃகு உருண்டை போதும். அதே கரைசலில் 2 மில்லிமீட்டருக்குக் குறையாத தடிப்பில் தனியாக ஒரு ஜெல், மேற்பரப்பில் மணிகளோடு, வார்த்துக்கொள்ளுங்கள். 1 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகு உருண்டையை அதன்மேல் வையுங்கள். நீரின் மிதப்பு விசையைக் கழித்தால் அது கீழே அழுத்தும் விசை சுமார் 35 மைக்ரோநியூட்டன். உருண்டைக்கு நேர் கீழே மணிகள் தெளியும் ஃபோகஸ் நிலையைக் குறியுங்கள். காந்தத்தால் உருண்டையை எடுத்துவிட்டு மறுபடி குறியுங்கள். வித்தியாசம்தான் அமிழ்ந்த ஆழம்.

யங் குணகம் (நாம் தேடும் கடினத்தன்மை) = 3 × (1 − பாய்சான் விகிதத்தின் வர்க்கம்) × விசை ÷ (4 × அமிழ்ந்த ஆழத்தின் ஒன்றரை அடுக்கு × உருண்டை ஆரத்தின் வர்க்கமூலம்). பாய்சான் விகிதத்தை (இழுக்கும்போது பொருள் பக்கவாட்டில் எவ்வளவு ஒடுங்கும் என்பதன் அளவை) 0.5 என்று வைத்தால், 4.5 கிலோபாஸ்கல் ஜெல்லில் ஆழம் சுமார் 34 மைக்ரோமீட்டர் வரவேண்டும்.

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. எண்ணெயோ தண்ணீரோ இல்லாத சாதாரண லென்ஸில் பார்த்தால், லென்ஸ் நகர்ந்த தூரத்தை 1.33 ஆல் பெருக்கினால்தான் உண்மையான ஆழம் கிடைக்கும். நீரில் ஒளி வளைவதால் வரும் வித்தியாசம் இது. பெருக்க மறந்தால் ஜெல் உள்ளதைவிட ஒன்றரை மடங்கு கடினமாகத் தெரியும். இரண்டாவது, செல் வளர்க்கும் 88 மைக்ரோமீட்டர் ஜெல்லில் இந்தச் சோதனை செய்யக்கூடாது. உருண்டை தொடும் வட்டத்தின் ஆரமே 130 மைக்ரோமீட்டர். கீழே உள்ள கண்ணாடிதான் உருண்டையைத் தாங்கும், ஜெல் அல்ல.

ஐந்தாம் படி: புரதம் பூசிச் செல் விடுதல்

ஜெல்லில் கொலாஜன் ஒட்டுவதற்கு சல்ஃபோ-சன்பா என்ற இணைப்புப் பொருள் வேண்டும். தண்ணீர் பட்டதிலிருந்தே அது கெட ஆரம்பிக்கும். ஆகவே எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு கடைசியில்தான் கரைக்க வேண்டும். ஜெல்லில் விட்டு 365 நானோமீட்டர் புற ஊதா விளக்கின் கீழ் வையுங்கள். ஆரஞ்சாக இருந்த கரைசல் சில நிமிடங்களில் பழுப்பாக மாறும். மாறாவிட்டால் பொருள் கெட்டுவிட்டது, அல்லது விளக்கு தள்ளி இருக்கிறது. பஃபரில் கழுவி, கொலாஜன் கரைசலை விட்டு, குளிர்ப்பெட்டியில் ஓர் இரவு.

செல்களைக் குறைவாக விடுங்கள். 12 மில்லிமீட்டர் ஜெல்லுக்கு 3,000 செல் என்றால் ஒன்றுக்கொன்று சராசரியாக 190 மைக்ரோமீட்டர் இடைவெளி இருக்கும். பக்கத்துச் செல்லும் அதே ஜெல்லை இழுத்தால் யாருடைய இழுப்பு எது என்று பிரிக்க முடியாது. புதிதாக வருபவர்கள் எல்லோரும் செல்லை அதிகமாகத்தான் விடுகிறார்கள். நிறைய இருந்தால் நல்லது பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம் என்று நினைப்பு. தனியாக நிற்கும் செல் ஒன்றுகூடக் கிடைக்காமல் அந்த டிஷ் வீணாகும். ஓர் இரவு பரவ விடுங்கள்.

ஆறாம் படி: முதல் படம்

நுண்ணோக்கியின் வெப்பப் பெட்டியை 37 டிகிரியில் சோதனைக்கு மூன்று நான்கு மணி நேரம் முன்பே போட்டுவிடுங்கள். உலோகம் சூடேறி விரிந்து நிலைக்கு வரும்வரை ஃபோகஸ் நழுவிக்கொண்டே இருக்கும். 60 மடங்கு நீர் லென்ஸ் இருந்தால் அதையே எடுங்கள். எண்ணெய் லென்ஸ்களுக்குக் கண்ணாடிக்கு மேல் எட்டும் தூரம் குறைவு, ஜெல்லின் மேற்பரப்பை எட்டுவதற்குள் படம் மங்கும்.

செல் முழுதும் சட்டத்துக்குள் இருக்க வேண்டும், அதைச் சுற்றி நாலாபக்கமும் வெற்றிடமும் வேண்டும். செல்லின் ஓரம் படத்தின் ஓரத்தில் வெட்டுப்பட்டால் அந்தப் படத்தால் பயனில்லை. ஒவ்வொரு நேரத்துக்கும் இரண்டு படங்கள்: செல்லின் படம், ஜெல் மேற்பரப்பில் உள்ள மணிகளின் படம். மணிகளுக்கு மேலும் கீழுமாகச் சில தளங்கள் சேர்த்து எடுத்தால், பின்னால் ஃபோகஸ் சற்று மாறினாலும் பொருத்தமான தளத்தைத் தேடி எடுக்கலாம். ஃபைப்ரோபிளாஸ்ட் மெதுவாக ஊரும், 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒரு படம் போதும்.

ஏழாம் படி: இரண்டாவது படம்

எல்லாம் இங்கேதான் நிற்கிறது. செல்லை நீக்கி, அதே இடத்தில், அதே ஆழத்தில் மணிகளை மறுபடி படமெடுக்க வேண்டும். முதல் படத்தையும் இதையும் ஒப்பிட்டால்தான் மணி எங்கிருந்து எங்கே போனது என்று தெரியும்.

நான் முதன்முதலாகச் செய்தபோது மூன்று மணி நேரம் படமெடுத்து முடித்துவிட்டு, டிஷ் மூடியைத் திறந்து பிப்பெட்டால் டிரிப்சினை விட்டேன். மூடி எடுக்கும்போது டிஷ் ஒரு நூலளவு திரும்பியிருக்கிறது, கண்ணுக்குத் தெரியவில்லை. திரையில் ஒரு மணிகூட எனக்குத் தெரிந்த மணியாக இல்லை. இரண்டு நாள் உழைப்பு அந்த ஒரு அசைவில் போயிற்று. மறுவாரமே மூடியில் இரண்டு துளை போட்டு, மெல்லிய சிலிகோன் குழாய்களைச் செருகி, வெளியே இருந்தே ஊசிக்குழலால் ஊடகத்தை எடுக்கவும் டிரிப்சினை விடவும் வழி செய்துகொண்டேன். டிஷ்ஷை மேடையில் பிடிப்பான் போட்டு இறுக்கவும் பழகினேன். இதை நீங்கள் முதல் நாளே செய்துவிடுங்கள்.

விடும் திரவம் 37 டிகிரியில் இருக்கட்டும். குளிர்ந்த திரவம் பட்டால் ஃபோகஸ் ஓடிவிடும். டிரிப்சினுக்குமுன் ஒருமுறை பஃபர் விட்டுக் கழுவுங்கள், ஊடகத்தில் உள்ள சீரம் டிரிப்சினை முடக்கும். பத்து முதல் இருபது நிமிடத்தில் செல் உருண்டுகொள்ளும், ஆனாலும் வாலில் ஒரு நூல் ஒட்டிக்கொண்டே இருக்கலாம். அது முழுதும் விடும்வரை காத்திருங்கள். அவசரம் என்றால் 1 சதவீத எஸ்டிஎஸ் சோப்புக் கரைசல் செல்லை உடனே கரைத்துவிடும். மணிகள் நகர்வது நின்றபின் மேலும் ஐந்து நிமிடம் விட்டுப் படமெடுங்கள்.

இன்னொன்று. செல்லே இல்லாத ஓரிடத்திலும் ஐந்து நிமிட இடைவெளியில் இரண்டு படம் எடுத்து வையுங்கள். யாரும் இழுக்காதபோதும் உங்கள் கருவி எவ்வளவு நகர்வு காட்டுகிறது என்பது அதில் தெரியும்.

எட்டாம் படி: நகர்விலிருந்து இழுப்புக்கு

இமேஜ்-ஜே என்ற இலவச மென்பொருளிலேயே இதற்கான செருகல்கள் இருக்கின்றன. முதல் வேலை, இரண்டு மணிப் படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்துவது. செல்லுக்குத் தொலைவில் உள்ள மணிகள் நகர்ந்திருக்கக் கூடாது. அவற்றை வைத்து, மேடை நழுவியதைச் சரிசெய்யுங்கள். அப்புறம் படத்தைச் சிறு சாளரங்களாகப் பிரித்து ஒவ்வொன்றும் எந்தப் பக்கம் எவ்வளவு நகர்ந்தது என்று கணினி ஒப்பிட்டுச் சொல்லும். அம்புகள் நிறைந்த ஒரு படம் வரும்.

இங்கேயே நிறுத்தி, செல் இல்லாத இடத்தின் படங்களையும் இதே வழியில் ஓட்டுங்கள். அங்கே தெரியும் நகர்வுகளின் சிதறல் 30 நானோமீட்டர் என்று வந்தால், 5 மைக்ரோமீட்டர் அகலமுள்ள ஒட்டுப்பகுதிக்கு, 4.5 கிலோபாஸ்கல் ஜெல்லில், அது ஏறத்தாழ 27 பாஸ்கல் இழுப்புக்குச் சமம். அதற்கு அருகே வரும் எதையும் இழுப்பு என்று எழுதக்கூடாது. செல்லுக்கு அடியில் அரை மைக்ரோமீட்டர் நகர்வு இருந்தால் அதே கணக்கில் 450 பாஸ்கல். தைரியமாக எழுதலாம்.

நகர்விலிருந்து இழுப்பைக் கண்டுபிடிப்பது ஏன் நேரடிப் பெருக்கல் அல்ல? கயிற்றுக் கட்டிலை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் உட்கார்ந்தால் அந்த இடத்துக் கயிறு மட்டுமா தொய்கிறது? கட்டில் முழுதும் கொஞ்சம் கொஞ்சம் தொய்கிறது. நாலு பேர் உட்கார்ந்தால் நாலு தொய்வும் ஒன்றோடொன்று கலந்துவிடும். கட்டிலின் தொய்வை மட்டும் பார்த்து யார் எங்கே, எவ்வளவு எடையோடு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று சொல்வதுதான் நம் கணக்கு. ஒரு புள்ளியில் இழுத்தால் மீள்தன்மையுள்ள பரப்பு எப்படி நகரும் என்பதற்கு 19ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சுக் கணிதவியலாளர் பூசினெஸ்க் தீர்வு தந்துவிட்டார். அதைத் திருப்பிப் போடுகிறோம். 2002-ல் ஜேம்ஸ் பட்லரும் குழுவினரும் ஃபூரியே மாற்றம் என்ற கணித முறையின் மூலம் இதைச் செய்யும் வழியைத் தந்தபின், மணிக்கணக்கில் ஓடிய கணக்கு நொடிகளில் முடிகிறது.

திருப்பிப் போடும்போது ஒரு தொல்லை உண்டு. நகர்வில் உள்ள சின்ன இரைச்சல், இழுப்பில் பெரிய கூர்முனையாக வளர்ந்து நிற்கும். அதை அடக்கத்தான் லாம்டா என்ற சீராக்கல் எண். அதைச் சிறிதாக வைத்தால் படம் முழுக்க முள்முள்ளாக நிற்கும். பெரிதாக வைத்தால் எல்லாம் மழுங்கி, உண்மையான இழுப்பும் குறைந்துவிடும். நல்ல செல் ஒன்றில் பல மதிப்புகளைப் போட்டுப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். தேர்ந்தபின் ஒப்பிடப்போகும் எல்லாச் செல்களுக்கும் அதே எண். ஒவ்வொரு செல்லுக்கும் படம் அழகாக வரும் லாம்டாவைப் போடுவது, தெரிந்து செய்தாலும் தெரியாமல் செய்தாலும், முடிவை நாமே எழுதுவதாகும். இதில் எனக்குச் சமரசம் கிடையாது.

அலகைப் பற்றி ஒரு வசதி: 1 பாஸ்கல் என்பது ஒரு சதுர மைக்ரோமீட்டருக்கு 1 பிகோநியூட்டன். 1 கிலோபாஸ்கல் என்றால் அதே பரப்புக்கு 1 நானோநியூட்டன். ஃபைப்ரோபிளாஸ்ட் செல்லில் சில நூறு பாஸ்கலிலிருந்து சில கிலோபாஸ்கல் வரை வருவது இயல்பு. செல்லுக்குள் இழுக்கும் வேலையைச் செய்யும் புரதமான மயோசினின் ஒரு மூலக்கூறு இழுப்பது சில பிகோநியூட்டன்தான். எத்தனை மூலக்கூறுகள் சேர்ந்து இழுக்கின்றன என்று இதிலிருந்தே ஊகிக்கலாம்.

ஒன்பதாம் படி: வந்த விடையை நம்பலாமா

அம்புகள் செல்லின் ஓரங்களிலிருந்து நடுவை நோக்கி இருக்க வேண்டும். வெளிநோக்கி இருந்தால் பெரும்பாலும் இரண்டு படங்களின் வரிசையை மாற்றிக் கொடுத்திருப்பீர்கள். செல்லின் எல்லைக்கு வெளியே இழுப்பு ஏறக்குறைய பூஜ்யமாக இருக்க வேண்டும். மொத்த இழுப்பைத் திசையோடு கூட்டினாலும் பூஜ்யத்துக்கு அருகில் வரவேண்டும். இவ்வளவு மெதுவாக ஊரும் செல்லுக்குத் திரவத்தின் தடை மிகச் சிறிது, அதனால் முன்னால் இழுப்பதும் பின்னால் இழுப்பதும் சமன் ஆகியே தீரும். கூட்டுத்தொகை பெரிதாக நின்றால் படம் நழுவியது சரியாகத் திருத்தப்படவில்லை, அல்லது சட்டத்துக்கு வெளியே இன்னொரு செல் இழுக்கிறது. செல்லின் படத்தைச் சற்று நகர்த்தி அக்கம்பக்கம் பாருங்கள்.

கடைசிச் சோதனை மருந்து. மயோசினைத் தடுக்கும் பிளெபிஸ்டாட்டினை 25 மைக்ரோமோலார் விட்டு அரை மணி நேரம் படமெடுங்கள். மருந்து கரைத்த கரைப்பானை மட்டும் விட்ட இன்னொரு டிஷ்ஷும் கூடவே வேண்டும். மருந்து வேலை செய்தால் அம்புகள் ஒவ்வொரு படத்திலும் சுருங்கிக்கொண்டே வரும், செல் மெல்லிய வால்களோடு தளர்ந்து படுக்கும். நீல ஒளியை அப்போது அணைத்தே வையுங்கள், அது பிளெபிஸ்டாட்டினைச் சிதைத்து நஞ்சாக்கும். சிவப்பு மணி வாங்கியது இதற்கும் சேர்த்துத்தான். அம்புகள் சுருங்காமல் அப்படியே நின்றால், அவை செல்லின் இழுப்பு அல்ல. டிஷ் பிடிப்பானையும் படப் பொருத்தத்தையும் முதலிலிருந்து பாருங்கள்.

ஒவ்வொரு படக் கோப்போடும் அன்றைய ஜெல்லின் அளந்த குணகம், தடிப்பு, பிக்சல் அளவு, லாம்டா, செல் இல்லாத இடத்தின் சிதறல் ஆகிய ஐந்தையும் எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து அந்தக் கோப்பைத் திறக்கும்போது இந்த ஐந்தில் ஒன்று இல்லையென்றாலும் அந்தச் செல்லின் விசையை மறுபடி கணக்கிட வழி இருக்காது.